பித்தளைப் பிடியில் கட்டிய துண்டு

மின்சாரம் தாக்கிய காயத்தை முதல்முறை பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இரத்தம் இருக்காது. பல சமயம் கொப்புளம்கூட இருக்காது. கம்பியைத் தொட்ட இடத்தில் காசளவுக்கு ஒரு குழி, சாம்பல் நிறத்தில். அதன் ஓரம் மெழுகுபோலத் தடித்திருக்கும். தொட்டுப் பார்த்தால் வலிக்கவில்லை என்பார்கள். மின்சாரம் உடம்பைவிட்டு வெளியேறிய இடத்தில், குதிகாலிலோ முழங்காலிலோ, கரிந்த ஓரத்தோடு இன்னொரு குழி இருக்கும். இந்த இரண்டு குழிகளுக்கும் நடுவில் இருக்கும் சதைக்கும் நரம்புக்கும் என்ன ஆயிற்று என்பது அன்றைக்குத் தெரியாது. நாளாக ஆகத்தான் தெரியும்.

இதை நான் ஒரே ஒரு மனிதரின் உடம்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் காயத்துக்கு நான்தான் காரணம். அதை எழுதிவிடுவதற்காகவே உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயம். நான் மதுரையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மின்சாரப் பிரிவின் சூப்பர்வைசராக இருந்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டுக் குடும்பங்கள் சில சேர்ந்து வாழ்ந்த தெருவில். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணத்தை இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். கடைசிவரை தள்ளிக்கொண்டே இருந்துவிட்டேன். காலையில் ரயிலேறி ராஜபாளையம் போவேன். மாலையில் திரும்பிவந்து பூட்டிய வீட்டைத் திறப்பேன்.

அந்த ரயிலில்தான் அவர் எனக்குச் சிநேகிதரானார். அதே ஆலையில் அவர் வயர்மேன். என்னைவிட மூத்தவர். ஆலைக்குள் நான் அவருக்கு 'சார்'. ரயிலில் 'தம்பி'. நான் இரண்டு இடத்திலும் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிட்டேன். அது எங்கள் மானேஜருக்குப் பிடிக்காது.

"என்ன தம்பி, முகம் இப்பிடித் தொங்கிக் கெடக்கு? ராத்திரி யாரு சமையல்?"

"நான்தான் அண்ணாச்சி."

"அதானே பார்த்தேன். ஷாக் அடிச்ச ஆளு கணக்கா இருக்கீயளே."

சொல்லிக்கொண்டே தூக்குவாளியைத் திறப்பார். "வீட்ல ஒங்களுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கா. வேண்டாம்னு சொன்னா எனக்குத்தான் ஏச்சு விழும்" என்பார். ரயில் ராஜபாளையத்தில் நிற்பதற்குள் வாளி காலியாகிவிடும். அன்றைய பொழுதில் நான் இன்னொருவரோடு சேர்ந்து சாப்பிட்ட சாப்பாடு அது ஒன்றுதான்.

மின்சாரம் அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. தெருவிளக்குக் கம்பத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் இருந்தார்கள். ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் மம்சாபுரம் பக்கத்துக் காடுகளில் கலப்பை பிடித்த கைகள். ஷாக் அடித்து விழுந்தவனை மணலில் கழுத்துவரை புதைத்துவைத்தால் மண் கரண்ட்டை இழுத்துக்கொள்ளும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். நானும் மானேஜரும் சேர்ந்து மெயின் சுவிட்சில் தொங்கவிட 'ஆபத்து' என்று எழுதிய தகரம் செய்து வைத்திருந்தோம். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் அதை மதிக்கவில்லை.

அண்ணாச்சிதான் வேறொரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். லைனில் வேலைபார்க்கப் போகிறவன் சுவிட்சை இறக்கிவிட்டு, தன் தோள்துண்டை அதன் பித்தளைப் பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். வேலை முடிந்து இறங்கிவந்து அவனேதான் அவிழ்க்க வேண்டும். முதலாளியே வந்தாலும் வேறு கை அதில் படக்கூடாது. துண்டு இருந்தால் மேலே ஆள் இருக்கிறான். துண்டு இல்லையென்றால் ஆள் இல்லை, சுவிட்சைப் போடலாம்.

"தகரத்தப் பார்த்தா எவன் தொங்கவிட்டான்னு தெரியாது சார்" என்று என்னிடம் விளக்கினார். "துண்டுன்னா ஆளு தெரியும். இது இன்னாருதுன்னு பிள்ளகூடச் சொல்லும். பொறவு, துண்டு இல்லாம எவன் வீட்டுக்குப் போவான்? மறந்துட்டுப் போற பேச்சே இல்ல."

அந்த வழக்கம் வந்தபிறகு, நான் சொல்லப்போகிற நாள்வரை, எங்கள் ஆலையில் யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. புதிதாகச் சேருகிறவனுக்கு அவரே முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுப்பார். சரியாகப் போடாதவனை, "ஏலே, கோவணமாவது கட்டத் தெரியுமாலே?" என்று கேட்டு மற்றவர்களைச் சிரிக்கவைப்பார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

முதலாளியின் விருந்தாளிகள் பட்டணத்திலிருந்து ஆலையைப் பார்க்க வருவதாக இருந்தது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் ஹாலின் சுவிட்ச் போர்டு நான் முன்நின்று மாட்டவைத்தது. கருங்கல் பலகை, வரிசையாகப் பித்தளைப் பிடிகள். அதை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முந்தின நாளே புளிபோட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தேன். ஹாலின் கோடியில் ஒரு மோட்டாருக்கு இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. "மத்தியானச் சங்குக்குள்ள முடிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன். "முடிச்சிருதேன் சார்" என்று ஏணியை எடுத்துக்கொண்டு போனார்.

சங்கு ஊதியது. ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் போர்டின் முன்னால் நின்றேன். பளபளவென்று இருந்த பிடிகளின் நடுவில் அவருடைய துண்டு தொங்கியது. சிவப்புக் கட்டம் போட்டது, ஒரு முனை கிழிந்தது, வேர்வையும் எண்ணெயும் படிந்தது. வாசலில் கார் ஹாரன் கேட்டது.

ஒருமுறை, "அண்ணாச்சி!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கத்து ஹாலில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன; அந்த இரைச்சலில் என் குரல் அவருக்குக் கேட்டிருக்காது. சங்கு ஊதிவிட்டது, சாப்பிடப் போயிருப்பார், துண்டை மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறந்துபோகிற பேச்சே இல்லை என்று அவர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ஹாலின் கோடிவரை நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. வருகிறவர்கள் கண்ணில் முதலில் அந்த அழுக்குத் துண்டு படக்கூடாது என்பது ஒன்றே எனக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு முடிச்சையும் அவிழ்த்தேன். துண்டை மடித்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

அவர் சாப்பிடப் போகவில்லை. எனக்குக் கொடுத்த வார்த்தைக்காகச் சங்கு ஊதியபிறகும் ஏணியிலேயே நின்று கடைசிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் வருவதற்குள் ஹாலில் விளக்கு எரியட்டும் என்று அந்த ஹாலின் மேஸ்திரி உள்ளே போயிருக்கிறார். ஹாலின் மெயின் சுவிட்சுப் பிடியைப் பார்த்தார். துண்டு இல்லை. போட்டுவிட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது. அலறல் கேட்டு அவரே உடனே இறக்கியும்விட்டார். அதற்குள் அண்ணாச்சியின் வலதுகை கம்பியோடு சேர்ந்து மூடிக்கொண்டிருந்தது. மின்சாரம் பாயும்போது விரல்கள் விரியாது. பிடித்ததை இன்னும் இறுக்கத்தான் செய்யும். சுவிட்ச் இறங்கியதும் ஏணியிலிருந்து தரையில் விழுந்தார்.

நான் ஓடிப்போனபோது மூச்சு இல்லை. ஆட்கள் அவரை வெளியே தூக்கிக்கொண்டு போய், புதுக் கட்டடத்துக்குக் கொட்டியிருந்த மணலில் போட்டார்கள்.

"பொதைங்கலே! சீக்கிரம் பொதைங்க! மண்ணு இழுத்துரும்!"

இடுப்புவரை மூடிவிட்டார்கள். நான் அவர்களைத் தள்ளிவிட்டு அவரை வெளியே இழுத்துக் குப்புறப் போட்டேன். கல்லூரியில் முதலுதவி வகுப்பில் படித்தபடி முதுகின் இரு பக்கமும் கைவைத்து அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "செத்தவனப் போட்டு ஏன் சார் அமுக்குதீய?" என்று யாரோ கேட்டார்கள். அப்போதுதான் தொண்டையில் ஒரு கரகரப்புக் கேட்டது. மூச்சு வந்தது.

"சார் உசிரக் குடுத்துட்டாருலே" என்றார்கள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டார் மேஸ்திரி.

விருந்தாளிகளின் காரிலேயே அவரை ஏற்றினோம். தலை இங்குமங்கும் ஆடியது. நான் உள்ளே ஓடி, ஜன்னல் திட்டிலிருந்த துண்டை எடுத்துவந்து சுருட்டி அவர் தலைக்கடியில் வைத்தேன். தலைக்கு அணைகொடுக்க ஏதாவது வேண்டும் என்பதற்காக எடுத்தேன் என்று ரொம்பக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை.

மேஸ்திரி காரின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பிடியில துண்டு இல்லயே சாமி! நான் பார்த்துத்தானே போட்டேன், துண்டு இல்லயே!" பிறகு அவர் கண் தலைக்கடியில் போயிற்று. "அட பாவி, தோள்லயே போட்டுக்கிட்டு ஏறிட்டானா?"

நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். நான் பொய் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. துண்டை வைத்தேன். அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நான் முதலில் எழுதினேனே, அந்தச் சாம்பல் குழி. இடது குதிகாலில் கரிந்த இன்னொன்று. "வெளியே தெரிவது கொஞ்சம்தான். உள்ளே எவ்வளவு வெந்திருக்கிறது என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார். விழுந்ததில் தோள் மூட்டு நழுவியிருந்தது, அதை ஏற்றினார்கள். கை வீங்கி இறுகியது. பிறகு நடுவிலிருந்த மூன்று விரல்களும் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தன. எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

அவருக்கு நினைவு தெளிந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் மனைவியும் மேஸ்திரியும் இருந்தார்கள். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. காலையில் ரயிலில் தூக்குவாளியைத் திறந்ததுவரை நினைவிருந்தது. அதன்பிறகு ஒன்றுமில்லை. ஆலைக்குள் நுழைந்தது, நான் சொன்னது, ஏணியை எடுத்தது எல்லாம் துடைத்தாற்போலப் போய்விட்டன. இப்படி ஆவதுண்டு, போன நினைவு பெரும்பாலும் திரும்பாது என்று டாக்டரம்மா சொன்னார்.

மேஸ்திரி அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னார். அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நான் துண்டு கட்டலியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இப்போ நீங்க பேசக் கூடாது அண்ணாச்சி" என்றேன்.

"கட்டியிருக்க மாட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நான் மறந்திருக்கேன் பாத்தீயளா" என்று அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "ஒன் மேல ஒண்ணும் இல்லடே, அழாத" என்றார்.

சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது என்று ஆலையில் முடிவு செய்தார்கள். அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. விபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் சபைப் பாதிரியாரான ஐயர் என்னைச் சுட்டிக்காட்டி, ஓர் உயிரைக் காப்பாற்ற ஆண்டவர் பயன்படுத்திய கை என்றார். வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பிறகு நான் ரயிலில் தனியாகப் போனேன். பேச்சுத்துணைக்கு வந்து உட்கார்ந்தவர்கள் முன் தூங்குவதுபோல் இருந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அவர் வீட்டுக்குப் போவேன். போகாமல் இருக்க முடியவில்லை. போவதற்கு எனக்கு வேறு வீடும் இல்லை. அவர் மனைவியை 'மதினி' என்று கூப்பிடுவேன். அந்த அம்மாள் காப்பி கொடுப்பார்கள். "தம்பி இல்லன்னா இவிய இன்னைக்கு இல்ல" என்று யார் வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வார்கள்.

கையை அவர் சமாளித்துக்கொண்டார். இரண்டு விரலால் பீடி பற்றவைக்கவும் பொட்டலம் கட்டவும் பழகிவிட்டார். மைத்துனரின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்தார். ஆனால் எதை நிறுத்தாலும் தட்டிலிருந்து எடுத்து மறுபடி நிறுப்பார். "அண்ணாச்சி, ரெண்டு தரம் நிறுத்தா ரெண்டு பங்கு குடுப்பீயளா?" என்று கேலிசெய்வார்கள். அவரும் சிரிப்பார். பூட்டிய கதவைப் பாதித் தெருவிலிருந்து திரும்பிவந்து இழுத்துப் பார்ப்பார். "ஏட்டி, அடுப்ப அணைச்சேனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அடுப்பை அணைத்தது மதினியாக இருக்கும். தோளில் துண்டு போடுவதை விட்டுவிட்டார்.

விபத்துக்கு மறுவருஷம் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. அவர் அந்தப் பிள்ளையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. கை வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு நான் போனபோது மதினியின் கண்கள் வீங்கியிருந்தன. அவர் கொல்லையில் இருந்தார். மதினி தணிந்த குரலில் சொன்னார்கள்.

"நான் செவ்வாக்கெழம களையெடுக்கப் போயிட்டேன் தம்பி. பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்கி. இவிய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம, தெருவுல நின்னுக்கிட்டு யாராவது வாங்க, யாராவது வாங்கன்னு கத்திக்கிட்டு நின்னுருக்காவ. பக்கத்து வீட்டுக்காரி வந்து பாக்கையில பிள்ளைக்கு இழுப்பு வந்துட்டு. அவதான் தூக்கிட்டு ஓடுனா. பொழச்சதே பெரிசு. ஏன் தூக்கலன்னு கேட்டா என்ன சொல்லுதாவ தெரியுமா? 'நான் வழியில எங்கயாவது எறக்கி வச்சுட்டு மறந்துட்டு வந்துருவேன், எங்கிட்டப் பிள்ளயக் குடுக்காத'ங்காவ."

பிள்ளை பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

மறுநாள் மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை வேலையைவிட்டு நீக்கினால் செய்தி தானாக அண்ணாச்சியின் காதுக்குப் போய்விடும், நான் நேரில் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன். மானேஜர் முழுவதும் கேட்டார். "ஆறிப்போனதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? போய் வேலையைப் பாரும்" என்றார். நானும் போய் வேலையைப் பார்த்தேன். அந்த ஆலையில்தான் பென்ஷன் வயதுவரை இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அவர் தரையில் உட்கார்ந்து கடைக்காகப் பழைய காகிதங்களைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார். பிள்ளை பக்கத்தில் துண்டுக் காகிதங்களை வைத்து விளையாடியது.

"வாங்க தம்பி. காப்பி போடச் சொல்லவா?"

"வேண்டாம் அண்ணாச்சி. ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நீங்க துண்டு கட்டித்தான் இருந்தீங்க. நான்தான் அவிழ்த்தேன். அவிழ்த்து ஜன்னல்ல வச்சேன். பிறகு அதை நான்தான் எடுத்து உங்க தலைக்குக் கீழே வச்சேன்."

அவர் கிழித்துக்கொண்டிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எந்தத் துண்டு?"

"சிவப்புக் கட்டம். முனை கிழிஞ்சது."

"எப்பிடிக் கட்டியிருந்துச்சு?"

"ரெண்டு முடிச்சு. மேல் முடிச்சு ரொம்ப இறுக்கம். நகத்தால நெம்பித்தான் அவிழ்த்தேன்."

அவர் தன் வலதுகையைத் தூக்கிப் பார்த்தார், இல்லாத விரல்கள் இருந்த இடத்தை. உதடு ஏதோ முணுமுணுத்தது.

"ஆமா. ரெண்டாவது முடிச்ச நான் இறுக்கித்தான் போடுவேன்." பிறகு வீடு அதிரும்படி கத்தினார். "ஏட்டி! இங்க வா! நான் கட்டியிருக்கேன்டி! மறக்கல! கட்டித்தான் இருந்திருக்கேன்!"

மதினி கரண்டியோடு ஓடிவந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் கண்ணீர். அவர் சொல்லச் சொல்ல மதினியின் பார்வை என்மேல் வந்து நின்றது.

"கையி போனதுக்குக்கூட நான் இம்புட்டு அழல தம்பி. பெத்த பிள்ளயத் தூக்க மாட்டேன்னாவளே, அதுக்கு அழுதேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து என் கையால காப்பி வாங்கிக் குடிச்சியளே. அது எப்பிடி எறங்குச்சு ஒங்களுக்கு?"

நான் தரையில் சிதறிக் கிடந்த காகிதங்களைப் பொறுக்கினேன்.

"விடுட்டி" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு உசிரக் குடுத்ததும் இவியதான். அது பொய்யில்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா இனிமே இங்க வர வேண்டாம், சார்."

அந்த வீட்டில் அவர் என்னை 'சார்' என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன். பின்னால் அவர் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார். மதினி கூட வரவில்லை. அவர் எதிர்வரிசையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவரை எழுப்பிக்கொண்டிருந்தார்.

"ஏலே, எந்திரிலே! கேட்டியா சேதிய? நான் கட்டித்தாம்லே இருந்திருக்கேன்!"

"என்னத்த அண்ணாச்சி?"

"துண்டலே! துண்ட!"

பிள்ளை இரண்டு கையாலும் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவர் அடுத்த வீட்டுக்கு நடந்தார். நான் தெருவின் மற்றப் பக்கமாகப் போனேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ரயில் இல்லாத நேரம் என்று தெரிந்தும் ஸ்டேஷனுக்குப் போய், காலியாகக் கிடந்த பெஞ்சில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.